கடைமடையிலிருந்து பார்த்தால்: வெருகலும் அதன் அமைப்புகளும்

2006ஆம் ஆண்டு யூலை மாதப் பிற்பகுதியில் வெருகலாற்றின் மாவிலாறு அணைக்கதவுகள் மூடப்பட்டன. அந்தப் பகுதி அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஊர்மக்களே மூடினார்கள் என்றும், தங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வரவேண்டிய குடிநீர்த் திட்டத்தை அரசு இழுத்தடிக்கிறது என்றும் புலிகள் விளக்கம் சொன்னார்கள். அணைக்குக் கீழே ஏறத்தாழ 15,000 விவசாயக் குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் நின்றுபோனது என்றது அரசு. விமானங்கள் வந்தன, பிறகு தரைப்படை வந்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் நீர் மீண்டும் ஓடியபோது, அதைத் திறந்தது யார் என்பதிலும் இரு தரப்பும் இரண்டு கதை சொல்லின. 2002இல் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கை கடதாசியில் மட்டும் மிஞ்சியது.

போரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே கேட்க விரும்புவது வேறொரு கேள்வி: அந்தக் கதவைத் திறக்கவும் மூடவும் உரிமை யாருக்கு இருந்தது? ஏட்டின்படி நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளருக்கு. நிலத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு. வயல் வைத்திருந்தவர்களுக்கோ, அவர்களுக்கென்று பதிவு செய்யப்பட்ட விவசாயிகள் அமைப்புகள் இருந்தும், அணையின் இந்தப் பக்கத்திலும் இல்லை, அந்தப் பக்கத்திலும் இல்லை. ஓர் அமைப்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான பாடம் கிடைக்காது. பெயர்ப்பலகை, றப்பர் முத்திரை, கடிதத் தலைப்பு, யாப்பு எல்லாம் இருக்கலாம். யார் முடிவெடுப்பது, யார் செய்வது, யார் கணக்குச் சொல்வது என்ற மூன்றுக்கும் விடை இல்லாவிட்டால் அது வெறும் கூட்டம்.

வெருகல் எல்லா வகையிலும் கடைமடை. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி கடலை நெருங்கும்போது பிரிந்து, ஒரு கிளை வெருகலாறாக இங்கே வந்து கடலில் விழுகிறது. திருகோணமலை மாவட்டம் முடிந்து மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கும் எல்லை இந்த ஆறுதான். அக்கரையில் கதிரவெளி, வாகரை, இக்கரையில் ஈச்சிலம்பற்று. ஆறு பெருகினால் முதலில் வெள்ளம், ஆறு வற்றினால் கடைசியில் தண்ணீர். அமைப்புகள் உடையும் கோடாகவும் இது இருந்திருக்கிறது. 2004 ஏப்ரலில், பெரிய வெள்ளியன்று, புலிகளின் வன்னித் தலைமைக்கும் கிழக்குத் தளபதி கருணாவுக்குமான பிளவு போராக வெடித்தது இதே வெருகலாற்றங்கரையில். அதே ஆண்டு டிசம்பரில் கடல்கோள். 2006இல் இடப்பெயர்வு. நிருவாகத்தின் கையும் இங்கே கடைசியாகவே வந்து சேரும். ஆகவே ஓர் அமைப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர் திருகோணமலைக் கச்சேரியில் நின்று பார்ப்பதைவிட இங்கே நின்று பார்ப்பது நல்லது.

ஒரு சட்டச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். 1987இல் வந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி ஒரு மாகாணத்துக்குள் ஓடும் ஆறு, குளங்களின் நீர்ப்பாசனம் மாகாண சபைக்குரியது. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாக ஓடும் ஆறுகள் மத்திய அரசின் கையில். மகாவலி மலைநாட்டில் பிறந்து பல மாகாணங்களைக் கடந்து வருவது. அதன் கிளையான வெருகலாற்று நீர், கிழக்கு மாகாணத்துக்குள் ஓடினாலும், கிழக்கு மாகாணத்துக்குரியது அல்ல. அணைக்கட்டு ஒரு திணைக்களத்தின் கீழ்; விவசாயிகள் அமைப்பைப் பதிவு செய்வது கமநல அபிவிருத்தித் திணைக்களம்; போக ஆரம்பக் கூட்டத்தைக் கூட்டுவது மாவட்டச் செயலகம் அல்லது பிரதேச செயலகம்; வீதியும் சிறு குளமும் வேறு கைகளில். ஒரு விவசாயிக்கு வாய்க்கால் உடைந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ளவே ஒரு போகம் முடிந்துவிடும்.

இந்தப் பகுதிக்கு அமைப்புப் பற்றிய சிந்தனை புதிதல்ல. திருக்கோணேச்சரத்தின் ஒழுங்குகளைச் சொல்லும் கோணேசர் கல்வெட்டு, பெயருக்குக் கல்வெட்டாயினும், ஓலையில் வழங்கிவந்த நூல். கவிராஜ வரோதயர் இயற்றியதாகச் சொல்லப்படுவது. குளக்கோட்டன் என்ற அரசன் கோயிலையும் குளத்தையும் திருத்தி, சோழநாட்டிலிருந்து குடிகளைக் கொண்டுவந்து இருத்தி, இன்னார் இன்ன தொழும்பு செய்ய வேண்டும் என்று வகுத்தான் என்பது அதன் செய்தி. பண்டாரத்தையும் பூசைக்கான ஏற்பாடுகளையும் பார்க்கத் தானத்தார். நிலத்தோடும் திருப்பணியோடும் தொடர்புடைய வேலைகளுக்கு வரிப்பத்தார். இவர்களுக்குள் வழக்கு வந்தால் தீர்க்க மதுரையிலிருந்து கொண்டுவரப்பட்ட தனியுண்ணாப் பூபாலன் என்ற வன்னிபன். குளக்கோட்டன் எந்த நூற்றாண்டு, உண்மையில் ஓர் ஆளா, பல அரசர்களின் செயல்கள் திரண்ட பெயரா என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களுக்கு. அமைப்பைப் படிக்கிறவருக்கு அந்த நூலின் கட்டுமானமே போதும்.

அந்தக் கட்டுமானத்தில் மூன்றாம் ஆளை வெளியிலிருந்து கொண்டுவந்ததைக் கவனியுங்கள். பொருளைக் கையாள்பவரும் வேலை செய்பவரும் சண்டையிட்டுக்கொள்வார்கள் என்பதை நூல் முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. தீர்ப்பவர் இரு பக்கத்துக்கும் உறவினராய் இருக்கக்கூடாது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கிறது. இன்றைய சங்க யாப்புகளில் பாதிக்கு இந்தத் தெளிவு இல்லை. தலைவருக்கும் பொருளாளருக்கும் பிணக்கு வந்தால் எங்கே போவது என்று கேட்டால், பெரும்பாலும் பொலிசுக்கு என்பதே விடை.

இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். கோயில் போயிற்று; தொழும்பு போகவில்லை. பின்னர் தம்பலகாமத்தில் ஆதி கோணேசர் ஆலயம் எழுந்தபோது அந்தப் பரம்பரைக் கடமைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. கட்டடம் அழிந்த பின்னும் யார் என்ன செய்வது என்ற ஒழுங்கு ஆட்களோடு நடந்து போயிருக்கிறது. இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது: அந்தக் கடமைகள் பிறப்பால் வந்தவை. ஒருவர் தகுதியால் தானத்தார் ஆக முடியாது. தொழும்பை விட்டு வெளியேறவும் எளிதில் முடியாது. சாதியின் மேல் கட்டிய உறுதி அது.

பிறப்பை விட்டுவிட்டுத் தெரிவின் மேல் கட்டிய முயற்சி தமிழகத்தில் உத்தரமேரூரில் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அந்தக் கல்வெட்டுகளைத் தமிழர்கள் ஜனநாயகப் பெருமையாகவே மேடையில் சொல்கிறோம். பிராமண சபைக்குள், நிலமும் சொந்த மனையும் உள்ள ஆண்களுக்குள் நடந்த தெரிவு என்பதை அடக்கி வாசிக்கிறோம். ஆனால் அதன் நுட்பம் ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலையில் இல்லை, தடைகளில் இருக்கிறது. 35 வயதுக்குக் கீழும் 70க்கு மேலும் கூடாது. வாரியம் என்ற சபைக் குழுவில் முந்திய மூன்று ஆண்டுக்குள் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது; அவருடைய உறவினரும் கூடாது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் ஓராண்டு. கணக்குக் காட்டாமல் விட்டால் மைத்துனனும் மருமகனும் சேர்ந்து அவமானப்படுவார்கள் என்பது அபராதத்தைவிடப் பலமான கயிறு. கந்தளாயிலும் சோழர் காலத்தில் ஒரு சதுர்வேதிமங்கலம் இருந்தது. அதன் சபையாரைப் பெருங்குறிப் பெருமக்கள் என்று அங்கே கிடைத்த சாசனம் குறிக்கிறது. வெருகலுக்கு அது தொலைவல்ல.

ஜெர்மனியச் சமூகவியலாளர் றொபேட் மிகெல்ஸ் 1911இல் எழுதிய நூலில், ஜனநாயகம் பேசும் கட்சியும் தொழிற்சங்கமும்கூட நாளடைவில் சிலரின் கைக்குள் போய்விடும் என்று வாதிட்டார். கோப்பும் தொடர்பும் அனுபவமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிடுகின்றன. பிறகு அவர் இல்லாமல் சங்கம் நகராது. எந்தக் கிராமத்திலும் பன்னிரண்டு வருடமாக ஒரே தலைவர் இருக்கும் சங்கத்தைப் பார்த்தவர்களுக்கு மிகெல்ஸ் புதிதாக எதையும் சொல்லவில்லை. உத்தரமேரூர்க்காரர்கள் அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே அந்த நோய்க்கு மூன்றாண்டு இடைவெளி என்ற மருந்தை எழுதி வைத்தார்கள்.

இனி, தண்ணீருக்கு வருவோம். பிரித்தானியர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லது. ஆனால் குளக்கட்டைத் திருத்தவும் வாய்க்கால் வெட்டவும் ஊரைக் கூட்டிய அதிகாரமும் அதோடு சேர்ந்து போனது. குளங்கள் தூர்ந்த பிறகு, 1856இல் ஒரு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்து பழைய ஊர்வழக்கங்களுக்குச் சட்டபலம் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1958இன் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைத் தெரிவு செய்யச் சொன்னது. 1970களில் அந்த இடத்துக்கு நியமனக் குழுக்கள் வந்தன, கட்சிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். 1979இன் கமநல சேவைகள் சட்டம் குழுக்களையே எடுத்துவிட்டு அலுவலரை வைத்தது. 1991இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி விவசாயிகள் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தார்கள். 2000இன் கமநல அபிவிருத்திச் சட்டம் அதைத் தொடர்ந்தது. தெரிவு, நியமனம், நீக்கம், மறுபடி தெரிவு. ஒரு தலைமுறைக்குள் நான்கு முறை ஆட்டத்தின் விதி மாறினால் எந்த ஊரும் அமைப்பை நம்பக் கற்றுக்கொள்ளாது. வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையை நம்பும்; சட்டம் மாறினாலும் துருசடியில் மண்வெட்டியோடு நிற்பவர் அவர்தான்.

போக ஆரம்பக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தால் இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பது விளங்கும். முன்வரிசை மேசையில் உத்தியோகத்தர்கள். எதிரே பிளாஸ்டிக் கதிரைகளில் விவசாயிகள். பின்சுவரோடு சாய்ந்து நிற்பவர்கள் பெரும்பாலும் கடைசி வாய்க்கால்காரர்கள். பொறியியலாளர் தண்ணீர் எவ்வளவு உண்டு என்று சொல்வார். அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவாகும். பிறகு திகதிகள்: வாய்க்கால் துப்புரவு முடியும் நாள், முதல் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பின் கடைசி நாள், மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அகற்றும் நாள், கடைசித் தண்ணீர் நிறுத்தும் நாள். எந்த வயது நெல் என்பதும் அங்கேதான் தீரும். மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்பதில் இரண்டு வாரத் தண்ணீர் இருக்கிறது. உர மானியம், பயிர்க் காப்புறுதி பற்றிய அறிவித்தல்கள். மாட்டுக்காரருக்கும் வயற்காரருக்கும் சத்தம் வரும். மேய்ச்சற்றரை எங்கே என்ற கேள்விக்கு ஒருவரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். எடுத்த முடிவு கூட்டறிக்கையில் ஏறியதும் அது சட்டப்படி எல்லோரையும் கட்டும். மீறினால் வழக்கு வைக்கலாம்.

ஏட்டில் இது அருமையான அமைப்பு. பொறியியலாளரின் அறிவும் விவசாயியின் அனுபவமும் ஒரே அறையில். ஆனால் அறையில் பேசுகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். தலைவாய்க்காலில் காணி உள்ளவர் முன்னுக்கு இருந்து பேசுகிறார். விதைப்பின் கடைசி நாள் பிந்தினாலும் அவருக்கு நட்டமில்லை, தண்ணீர் முதலில் அவருடைய வயலுக்குத்தான் வரும். பின்சுவர்க்காரருக்கோ பிந்தும் ஒவ்வொரு நாளும் கதிர் வாங்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் இழப்பு. குத்தகைக்குச் செய்பவர் காணிக்காரர் முன்னிலையில் வாய் திறப்பதில்லை. பெண்கள் வயலில் பாதி வேலை செய்தாலும் கூட்டத்தில் கணவனின் பெயர்தான் வாசிக்கப்படும். முடிவு எல்லோரையும் கட்டுகிறது; எடுத்தவர்கள் சிலர்.

இந்த இடத்தில் கல்லோயாவைச் சொல்லாமல் கடக்க முடியாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் 1970களின் முடிவில் பாழாய்க் கிடந்தன. கதவுகள் உடைக்கப்பட்டிருந்தன, மேல்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகள், கடைக்குத் தண்ணீர் போவதே இல்லை. 1980களின் தொடக்கத்தில் கொழும்பின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக ஊர்களில் தங்க வைத்தன. அவர்கள் யாப்பும் பதவியும் பதிவும் கொண்டு தொடங்கவில்லை. ஒரு வயல்வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து, இருபது பேரைக் கூட்டி, முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்க வைத்தார்கள். வேலை நடந்த பிறகே ஒரு பிரதிநிதியை, வாக்கெடுப்பு இல்லாமல் எல்லோருக்கும் சம்மதமானவராகப் பார்த்து எடுத்தார்கள். வயல்வாய்க்கால் பிரதிநிதிகள் சேர்ந்து கிளைவாய்க்கால் அமைப்பு. அதன் மேல் பிரதேச சபை. உச்சியில் திணைக்களக்காரரும் உட்காரும் திட்டக் குழு.

நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைவாக இருந்த ஒரு போகத்தில், மேல்பகுதி விவசாயிகள் தங்கள் முறையைச் சுருக்கிக் கடைப்பகுதிக்குத் தண்ணீர் விட்டார்கள். திட்டத்தில் பணியாற்றிய நோர்மன் அப்ஹொஃப் 1992இல் எழுதிய நூல் இதை விரிவாகப் பேசுகிறது. இனக்கலவரங்கள் நாட்டை உலுக்கிய அந்த வருடங்களில் இது நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நல்ல மனதால் மட்டும் நடந்ததென்று நான் நம்பவில்லை. வாய்க்கால் எவ்வளவு நீளமோ அமைப்பும் அவ்வளவு நீளமாக இருந்தது. கடைசி வயற்காரனின் முகம் முதல் வயற்காரனுக்குத் தெரிந்திருந்தது. எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில், பொதுவளத்தைப் பங்கிடும் அமைப்புகள் எங்கே நிலைக்கின்றன என்று ஆராய்ந்தபோது இலங்கையின் வாய்க்கால்களையும் எடுத்துப் பார்த்தார். விதியால் பாதிக்கப்படுவோருக்கு விதியை மாற்றுவதில் பங்கு வேண்டும். மேற்பார்ப்பவர் பயன்படுத்துவோருக்குப் பதில் சொல்ல வேண்டும். பிணக்கைத் தீர்க்கச் செலவில்லாத இடம் அருகில் வேண்டும் என்பன அவர் கண்டவற்றுள் சில. 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கோணேசர் கல்வெட்டின் வன்னிபன் அந்த மூன்றாவது நிபந்தனைக்குள் சரியாகப் பொருந்துகிறான்.

போருக்கும் கடல்கோளுக்கும் பிறகு வெருகல் போன்ற இடங்களில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், விவசாயிகள் அமைப்பு, கோயில் பரிபாலன சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், விளையாட்டுக் கழகம், சமுர்த்திக் குழு. இதற்கு மேல், உதவ வந்த ஒவ்வொரு நிறுவனமும் தன் திட்டத்துக்கென்று ஒரு குழுவைக் கேட்டது. குழு இல்லாமல் பணம் இறங்காது. ஆகவே ஊர் குழு அமைத்துக் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரிந்த, பிரதேச செயலகத்துக்குப் போய்வரத் துணிந்த நாலைந்து பேர், அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். திட்டம் முடிந்ததும் நிறுவனம் போய்விடும். குழுவின் பலகை மட்டும் கிணற்றடியில் துருப்பிடிக்கும். குழுக்கள் தோற்றுவிட்டன என்று அறிக்கை எழுதுகிறவர்கள், அவற்றைப் பெற்றெடுத்தவர்கள் தாங்களே என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

இவற்றுக்கிடையே ஒருவரும் பயிற்சி கொடுக்காமல் நடப்பவை இரண்டு. ஒன்று மரண சகாய சங்கம். மாதச் சந்தா சிறிது. செத்தவீட்டுக்குக் கூடாரமும் கதிரையும் பெரிய பானையும் நேரத்துக்கு வந்துவிடும், காசும் கையில் வரும். தனக்கும் ஒருநாள் தேவைப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். பணம் எங்கே போகிறது என்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். மற்றது கோயில் திருவிழா. கிழக்கிலங்கைக் கோயில்களில் ஒவ்வொரு திருவிழாவும் ஓர் ஊருக்கோ குடிக்கோ உரித்தானது. பல இடங்களில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் நின்று நிருவாகம் பார்ப்பார். வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலின் ஆண்டுத் திருவிழாவுக்கு ஆற்றின் இரு கரையிலிருந்தும், இரு மாவட்டங்களிலிருந்தும் சனம் வரும். மாவட்ட எல்லையைக் கீறியவர்களுக்குத் தெரியாத ஓர் அமைப்பு அது. ஆனால் இங்கும் உரிமை பரம்பரை வழி வருவதால், திருவிழா உரிமை இல்லாத குடும்பங்களும் ஆணல்லாதவர்களும் வெளியில்தான். நன்றாக நடக்கிறது என்பதற்காக நியாயமாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சொன்ன எழுத்து, பதவி, விதி என்ற நவீன ஆளுகைக்கும் வழக்காற்றின் ஆளுகைக்கும் இடையில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை. வெருகலில் இரண்டும் ஒரே ஆட்களிடம்தான் இருக்கின்றன. வட்டவிதானை காலையில் கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் கையெழுத்து வைப்பார். மாலையில் கோயிற் கூட்டத்தில் குடித்தலைவரின் சொல்லுக்குத் தலையாட்டுவார். வேண்டியது ஒன்றின் நல்லதை மற்றதற்குள் கொண்டுவருவது. மரண சகாய சங்கத்தின் கண்கண்ட கணக்கு விவசாயிகள் அமைப்புக்கு வேண்டும். விவசாயிகள் அமைப்பின் தெரிவு முறை கோயிலுக்கு வேண்டும். உத்தரமேரூரின் மூன்றாண்டு இடைவெளி எல்லாச் சங்கங்களுக்கும் வேண்டும். அதற்குத் தலைவர்மார் சம்மதிக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்ததே.

பிரதேச செயலகத்தில் போக ஆரம்பக் கூட்டத்தை ஒழுங்கு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் பேச்சைக் கடைசி வாய்க்காலிலிருந்து தொடங்குங்கள். பின்சுவரோடு நிற்பவரை, குத்தகைக்காரரையும் வயல் செய்யும் பெண்ணையும் சேர்த்து, முன்னுக்கு அழைத்து முதலில் பேச விடுங்கள். அவர் சொன்னதை அவருடைய பெயரோடு கூட்டறிக்கையில் எழுதுங்கள். சங்கத்தின் வரவு செலவை, பொதுக்கூட்டத்தில் வாசித்ததோடு விடாமல், கமநல சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள். இதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை.